வீட்டு மொழி ஓட்டுப் போடுவதில்லை

காஞ்சிபுரத்தில் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்தால் கூடவே ஒரு கணக்கும் எழும். "இந்த வார்டுல தெலுங்கு பேசுறவங்க முன்னூறு தலைக்கட்டு இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தரை நிறுத்தினா மொத்த ஓட்டும் அப்படியே வந்துடும்." நாலு தெரு தள்ளினால் அதே கணக்கு சௌராஷ்டிரர் பெயரில் வரும். இன்னும் கொஞ்சம் தள்ளினால் உருது பேசும் முஸ்லிம்கள் பெயரில் வரும். வட்டச் செயலாளர் சொல்கிறார், மேலே இருப்பவர் குறித்துக்கொள்கிறார், வேட்பாளர் பட்டியல் அதை வைத்துத் தயாராகிறது. 'இன்ன மொழியினர் கணிசமாக வாழும் பகுதி' என்று செய்தித்தாள்களும் எழுதிவிடுகின்றன. படித்தவர், படிக்காதவர், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடில்லாமல் எல்லாரும் நம்பும் கணக்கு இது. வீட்டில் பேசும் மொழி ஓட்டைத் தீர்மானிக்கிறதாம். ஒரு மொழிக்காரர்களின் ஓட்டு ஒரே மூட்டையாகக் கட்டிக் கிடக்கிறதாம். முடிச்சைக் கையில் வைத்திருப்பவருக்கு வெற்றியாம்.

இந்தக் கணக்கு பொய். இந்த ஊரின் உள்ளாட்சியையும் அது கெடுத்துக்கொண்டிருக்கிறது. நகராட்சியாக இருந்த காஞ்சிபுரம் 2021ல் மாநகராட்சி ஆனது. 51 வார்டுகள் கொண்ட மாநகராட்சிக்கு முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடந்தது. அந்த மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த முறையும் இந்தப் பொய்யை வைத்தே வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து, இந்தப் பொய்யைச் சொல்லியே ஓட்டுக் கேட்டு வருவார்கள். அதற்கு முன்பே இதை உடைத்துப் பேசியாக வேண்டும்.

இந்த ஊர் பல மொழி பேசும் ஊர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். தமிழ் பேசும் செங்குந்தர், தெலுங்கு பேசும் பத்மசாலியர், கன்னடமோ தெலுங்கோ பேசும் தேவாங்கர், சௌராஷ்டிரர் என்று பல சமூகத்தார் இங்கே தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாடு முழுவதிலும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 88 விழுக்காடு, தெலுங்கைச் சொன்னவர்கள் சுமார் 6 விழுக்காடு. கன்னடமும் உருதுவும் தலா 2 விழுக்காட்டுக்கும் கீழே. இந்தச் சிறிய பங்கு சில ஊர்களில், சில தெருக்களில் திரண்டு நிற்கிறது. அப்படித் திரண்டு நிற்கும் ஊர்களில் காஞ்சியும் ஒன்று. ஆகவே பல மொழி இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அந்த மொழி வாக்குச்சாவடிக்குள் போய்ப் பொத்தானை அமுக்குகிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் அந்த 'முன்னூறு தலைக்கட்டு' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும், தந்தை அல்லது கணவர் பெயர் இருக்கும், கதவு எண், வயது, பாலினம், அடையாள அட்டை எண் இருக்கும். தாய்மொழிக்கு அதில் பத்தி கிடையாது. பூத் ஏஜென்ட் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, தெருவின் பெயரையும் ஆளின் பெயரையும் பார்த்து பேனாவால் ஒரு புள்ளி வைக்கிறார். வெங்கடேசன் என்றால் ஒரு புள்ளி. அவர் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்து மாப்பிள்ளையாக இருக்கலாம். அவர் பிள்ளைகள் பாட்டியிடம் மட்டும் தெலுங்கு பேசி, தங்களுக்குள் தமிழ் பேசலாம். புள்ளிக்கு அதெல்லாம் தெரியாது. இப்படி வைத்த புள்ளிகளைக் கூட்டினால் வருவதுதான் கட்சி ஆபீசில் பெருமையாகச் சொல்லப்படும் 'மொழி வாரி ஓட்டு விவரம்'.

வாக்கு எண்ணிய பிறகு நடப்பது இன்னும் மோசம். இயந்திரம் சாவடிக்கு இத்தனை ஓட்டு என்று சொல்லும். அந்த ஓட்டை எந்த வீட்டுக்காரர் போட்டார், எந்த மொழிக்காரர் போட்டார் என்று அதற்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகத்தான் இரகசிய வாக்கெடுப்பே வந்தது. ஒரு சாவடியில் பல தெருக்காரர்கள் போட்ட ஓட்டை மொத்தமாகப் பார்த்து, 'தெலுங்குக்காரங்க ஓட்டு இந்தப் பக்கம் சாய்ஞ்சுடுச்சு' என்று சொல்பவர் வெறுமனே ஊகிக்கிறார். ஜெயித்தால் ஊகம் சரி என்பார். தோற்றால் 'நம்ம ஆளுங்க துரோகம் பண்ணிட்டாங்க' என்பார். எந்த முடிவு வந்தாலும் தன்னைச் சரி என்றே சொல்லிக்கொள்ளும் ஒன்றை யாரும் கணக்கென்று மதிக்க வேண்டியதில்லை.

கட்சிகளின் நடவடிக்கையே இந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது. 'தெலுங்குக்காரர் வார்டு' என்று பெயர் வாங்கிய இடத்தில் ஒரு கட்சி தெலுங்கு பேசும் வேட்பாளரை நிறுத்தினால் எதிர்க்கட்சியும் அதே சமூகத்தில் ஒருவரைத் தேடிப் பிடித்து நிறுத்துகிறது. சீட்டுக் கிடைக்காதவர் சுயேச்சையாக நிற்கிறார், அவரும் அதே தெருக்காரர். மூன்று பேர் வீட்டிலும் ஒரே மொழி. மூட்டை என்று ஒன்று இருந்தால் அது யாரிடம் போகும்? மூன்றாகப் பிரிந்துதானே ஆக வேண்டும்? அப்படியானால் அந்த வார்டில் வெற்றியை முடிவுசெய்தது மொழியாக இருக்கவே முடியாது. தண்ணீர் வராத நாளில் யார் போன் எடுத்தார், யார் கையில் காசு அதிகம், கூட்டணி எப்படி, மாநிலத்தில் காற்று எந்தப் பக்கம் என்று வேறு ஏதோ ஒன்று அதை முடிவுசெய்திருக்கிறது. நம்பிக்கையை எல்லாக் கட்சிகளும் ஒருசேரப் பின்பற்றிய கணத்திலேயே அந்த நம்பிக்கை செத்துவிடுகிறது. பிணத்தைத்தான் தேர்தலுக்குத் தேர்தல் ஊர்வலம் விடுகிறார்கள்.

'தெலுங்கு ஓட்டு' என்ற சொல்லின் கீழே யார் யாரை அடைக்கிறார்கள் என்று கவனித்தால் அதன் பொய் இன்னும் வெளிச்சமாகும். கடை வைத்துப் பட்டு விற்பவர் வீட்டில் தெலுங்கு இருக்கலாம். அவருக்குக் கூலிக்கு நெய்து கொடுப்பவர் வீட்டிலும் தெலுங்கு இருக்கலாம். இவர் கூலியைக் கூட்டிக் கேட்கிறவர், அவர் குறைத்துக் கொடுக்கிறவர். தமிழ்நாட்டின் பல நகரங்களில் தலைமுறை தலைமுறையாகத் தூய்மைப் பணிக்குள் தள்ளப்பட்ட அருந்ததியர் குடும்பங்களில் பலர் வீட்டில் பேசுவதும் தெலுங்குதான். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு பெற அவர்கள் 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் தெலுங்கு பேசும் வணிகர் வீடுகள் 'நம்ம மொழிக்காரங்க' என்று கூட வந்து நின்றனவா? 'தெலுங்கு ஓட்டை' வாங்குவதற்காக என்று சொல்லி, பொது வார்டில் ஓர் அருந்ததியப் பெண்ணை வேட்பாளராக நிறுத்த எந்தக் கட்சியாவது முன்வருமா? வராது. ஏனென்றால் 'மொழி ஓட்டு' என்று வெளியே சொல்லப்படுவது உள்ளே ஒரு சாதியின், அதிலும் வசதியுள்ள சில குடும்பங்களின் ஓட்டுக் கோரிக்கை. சாதி என்று வெளிப்படையாகச் சொன்னால் கூசுகிறது, மொழி என்றால் கௌரவமாக இருக்கிறது.

தமிழ் பேசுபவர்களைப் பற்றிய நம்பிக்கையும் இதே ரகம்தான். 'தமிழ் ஓட்டு எல்லாம் தமிழருக்கே' என்று முழங்குபவர்கள் காஞ்சிபுரத்தின் சொந்த வரலாற்றையே படிக்கவில்லை. 1909ல் இந்த ஊரில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. தமிழை மேடையில் அவர் கையாண்டதுபோல் கையாண்டவர் சிலர். 1957ல் இந்தத் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1962ல் அதே தொகுதி அவரைத் தோற்கடித்து, பஸ் முதலாளியான காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியாரை வெற்றிபெற வைத்தது. அண்ணாவின் கட்சி அந்தத் தேர்தலில் மாநிலம் முழுவதும் 50 இடங்களைப் பிடித்தபோது, சொந்த ஊர் அவரைக் கைவிட்டது. தாய்மொழிப் பற்று தானாகவே ஓட்டாக மாறும் என்றால் இந்தியாவிலேயே அது நடந்திருக்க வேண்டிய முதல் தொகுதி காஞ்சிபுரம். இங்கேயே நடக்கவில்லை.

தமிழ்நாட்டின் மற்ற பக்கங்களையும் பாருங்கள். சௌராஷ்டிரர் திரளாக வாழும் மதுரை 1957ல் கம்யூனிஸ்ட் கே.டி.கே. தங்கமணியை மக்களவைக்கு அனுப்பியது. 1962ல் சௌராஷ்டிர சமூகத்தவரான காந்தியவாதி என்.எம்.ஆர். சுப்பராமனை அனுப்பியது. 1967ல் மறுபடி கம்யூனிஸ்ட், இந்த முறை பி. ராமமூர்த்தி. பத்தாண்டுக்குள் அந்த ஊரில் யாருடைய வீட்டு மொழியும் மாறிவிடவில்லை, ஓட்டு மட்டும் மாறியது. மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர் என்று எதிரிகள் மேடைக்கு மேடை சொல்லியும் எம்.ஜி.ஆர். 1977 முதல் 1987ல் இறக்கும்வரை சட்டமன்றத் தேர்தல்களில் அசைக்க முடியாதவராக இருந்தார். 2006ல் தே.மு.தி.க. மாநிலம் முழுவதும் போட்டியிட்டு ஒரே ஓர் இடத்தில் வென்றது. தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த விஜயகாந்த் வென்ற அந்த இடம் விருத்தாசலம். வன்னியர் பெருமளவில் வாழும், பா.ம.க. வலுவாக இருந்த தொகுதி அது. மூட்டைக் கணக்குப் போட்டிருந்தால் அவர் அந்தப் பக்கம் தலைவைத்தே படுத்திருக்கக் கூடாது.

"சட்டமன்றம் வேறு, வார்டு வேறு. சின்ன இடத்தில்தான் இந்தக் கணக்கு வேலை செய்யும்" என்று ஒரு மறுப்பு வரும். சின்ன இடம் என்பதே இந்தக் கணக்குக்கு எதிரான சாட்சி. சில ஆயிரம் ஓட்டுள்ள வார்டில் வேட்பாளரின் முகம் எல்லாருக்கும் தெரியும். அவர் வட்டிக்குக் கொடுக்கிறவரா, குழாய் உடைந்த இரவில் வந்து நின்றவரா, கையெழுத்துக்கு அலையவிட்டவரா என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஆளைத் தெரியாத இடத்தில்தான் மொழியும் சாதியும் அடையாளச் சீட்டாகப் பயன்படும். ஆளைத் தெரிந்த இடத்தில் அவர் பேசும் மொழியை விட அவர் நடத்தைதான் பேசும்.

மொழியால் பிளந்த உள்ளாட்சிக்கு இந்தியாவில் பெயர்போன ஊர் பெலகாவி. மராத்தியா கன்னடமா என்பதைத் தவிர வேறு கேள்வியில்லாமல் பல தேர்தல்கள் அங்கே நடந்தன. 2005 நவம்பரில் அந்த மாநகராட்சி மன்றம், ஊரை மகாராஷ்டிரத்தோடு சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கர்நாடக அரசு மன்றத்தையே கலைத்தது. குடிநீருக்கும் குப்பைக்கும் தேர்ந்தெடுத்த மன்றம், எல்லைத் தகராறில் போய்ச் செத்தது. மராத்தி ஓட்டு தன் சட்டைப்பையில் இருப்பதாக நம்பியிருந்த மகாராஷ்டிர ஏகீகரண் சமிதி, 2021 செப்டம்பர் தேர்தலில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களோடு நின்றது. 58ல் 35 இடங்களை பா.ஜ.க. பிடித்தது. அந்த வெற்றி நல்லதா கெட்டதா என்பது வேறு வாதம். நிரந்தரம் என்று நாடே நம்பிய ஒரு மொழி மூட்டை ஒரே தேர்தலில் அவிழ்ந்தது என்பதுதான் இங்கே நமக்குப் பாடம்.

மொழித் தகராறு உள்ளாட்சியை விழுங்கும் கதை பெல்ஜியத்திலும் நடந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய சில சிற்றூர்களில் பிரெஞ்சு பேசுவோர் அதிகம், ஊர் இருப்பதோ டச்சு மொழிப் பகுதியில். 2006 உள்ளாட்சித் தேர்தலில் வாக்காளர் அழைப்புக் கடிதத்தைப் பிரெஞ்சில் அனுப்பினார்கள் என்பதற்காக, தேர்தலில் வென்ற மூன்று பேரை மேயராக நியமிக்க அந்தப் பகுதியை ஆளும் ஃபிளெமிஷ் அரசு மறுத்தது. தகராறு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பணக்கார நாடு, நல்ல சாலை, நல்ல சாக்கடை உள்ள நாடு அதைத் தாங்கியது. ஒவ்வொரு மழைக்கும் தெரு மிதக்கும் காஞ்சிபுரத்தால் தாங்க முடியுமா?

ஆதாரமில்லாத ஒரு நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடு இருந்தால் அதைச் சோறு போட்டு வளர்ப்பவர் யாரோ இருக்க வேண்டும். 'எங்க ஆளுங்க ஓட்டு என் கையில' என்று கட்சிக்காரரிடம் போய்ச் சொல்லும் இடைத்தரகர்தான் அவர். சங்கத்தில் பொறுப்பு வகிப்பார், கோயில் திருப்பணிக் கமிட்டியில் இருப்பார், தலைக்கட்டு வரி வசூலிப்பவராகவும் இருப்பார். தேர்தலுக்கு முன் அவர் வீட்டில் ஒரு சந்திப்பு நடக்கும். சங்கக் கட்டடத்துக்கு மேல்தளம், குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேக நன்கொடை, மகனுக்கு ஒரு காண்டிராக்ட் என்று பேசி முடிப்பார்கள். அந்த ஓட்டுகள் அவரிடம் இல்லை. இருப்பதாக வேட்பாளர் நம்புகிறார், அது போதும். இல்லாத சரக்குக்கு முன்பணம் வாங்கும் வியாபாரம் இது. வேட்பாளர் நம்புவதை நிறுத்தினால் அன்றைக்கே கடை மூடிவிடும்.

அந்தச் சந்திப்பில் பெண்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016ல் சட்டம் வந்துவிட்டது. மன்றத்தில் பாதி பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சமூகத்தின் ஓட்டை விலைபேசும் கூட்டத்தில் மட்டும் ஆண்களே உட்கார்ந்திருக்கிறார்கள். நூல் இழைப்பவர், தார் சுற்றுபவர், குழாயடியில் வரிசையில் நிற்பவர், சாக்கடை நீர் வாசலுக்கு வந்தால் அள்ளிக் கொட்டுபவர் எல்லாம் பெண்கள். 'நம்ம மொழிக்காரங்க இந்தத் தடவை இவருக்குத்தான்னு முடிவு பண்ணிட்டோம்' என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. முடிவு பண்ணியது யார்? அந்தப் பன்மைக்குள் இவர்கள் இல்லை. மொழி ஓட்டு என்ற கற்பனை முதலில் பறிப்பது அந்த மொழி பேசும் பெண்ணின் ஓட்டைத்தான்.

மூட்டைக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு, அது இன்னும் கொடியது. 'அவங்க ஒத்துமையா அவங்க ஆளுக்கே போடுறாங்க, நாம்தான் ஏமாளி' என்று மறுபக்கத்தில் கிளப்பிவிடுகிறார்கள். அங்கிருந்து 'வந்தேறி' என்ற வசைக்கு ஓரடிதான். ஒரு பக்கம் தரகர் 'எங்க ஓட்டு ஒரே மூட்டை' என்று விற்கிறார். மறுபக்கம் வெறுப்புப் பேச்சாளர் 'பாருங்கள், ஒரே மூட்டை' என்று காட்டி ஆத்திரமூட்டுகிறார். இருவரும் எதிரிகள் மாதிரி தெரிந்தாலும் ஒரே பொய்யில்தான் இருவர் பிழைப்பும் ஓடுகிறது. காஞ்சிப் பட்டு உலகம் முழுவதும் பெயர் வாங்கியது பல மொழி பேசியவர்களின் உழைப்பால். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரத்தைக் கட்டியவர் கிருஷ்ணதேவராயர். தலைமுறை தலைமுறையாக இங்கே பிறந்து, இங்கே நெய்து, இங்கே வரி கட்டி, இங்கே எரிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளையைப் பார்த்து நீ எந்த ஊர் என்று கேட்பது அநியாயம்.

இவ்வளவு கூச்சலுக்கு நடுவே கேட்கப்படாமல் போவது எது? ஒரு குழித்தறியைப் பாருங்கள். நெசவாளர் தரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். காலையில் மொண்டு இறைத்தால் மாலையில் மறுபடி முழங்கால் ஆழத்துக்கு நிற்கும். சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ஈரம் ஏறிப் பாவு கெடும். தறி நின்றால் கூலி நின்றது, ஏனென்றால் நெய்து முடித்த புடவைக்குத்தான் கூலி. கோர்வைப் புடவை என்றால் உடன் உட்காருபவருக்கும் சேர்த்து வேலை போயிற்று. தெருக் கால்வாய் தூர் வாராமல் கிடந்தால் இந்தத் தண்ணீர் இன்னும் பல நாள் வடியாது. கூலியையும் ஜரிகை விலையையும் கவுன்சிலரால் மாற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மழைக்கு முன் கால்வாயைத் தூர்வார வைப்பது அவர் கையில் இருக்கிறது. ஊரின் நடுவே ஓடும் மஞ்சள்நீர்க் கால்வாயில் கழிவுநீர் கலப்பதும், நத்தப்பேட்டை ஏரிக்குச் சாக்கடை போவதும் அவர் உட்காரும் மன்றம் கேட்க வேண்டிய விஷயங்கள். பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழியில் ஊறும் தண்ணீர் செங்குந்தர் வீடு, பத்மசாலியர் வீடு என்று பார்த்து ஊறுவதில்லை.

2022 பிப்ரவரியில் ஓட்டுப் போட்டோம். ஏப்ரல் பிறந்ததும் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கும் மேல் 100 விழுக்காடு. புதிதாகப் பதவியேற்ற மன்றங்கள் தீர்மானம் போட்டு அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நெசவாளர் வீட்டில் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது தறி. மனிதர் படுக்க மிஞ்சுவது ஓரம். தறி நிற்கும் இடத்தையும் சேர்த்துத்தான் சதுர அடி அளக்கிறார்கள். 'வரி உயர்வு தீர்மானமாக வந்தால் நீங்கள் என்ன பேசுவீர்கள், தறி வீட்டுக்குச் சலுகை கேட்பீர்களா' என்ற கேள்வியைப் பிரச்சாரத்தின்போதே ஒவ்வொரு வேட்பாளரிடமும் கேட்டிருக்க வேண்டும். அந்த வாரங்களை 'நம்மவர்', அதையே தெலுங்கில் 'மனவாடு' என்ற பேச்சில் கழித்தோம். ரசீது வந்தபோது அது எல்லா மொழிக்காரர் வீட்டுக்கும் வந்தது.

இங்கே நியாயமான ஓர் எதிர்வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். "சிறுபான்மை மொழி பேசுகிறவர்களுக்கு மன்றத்தில் ஆள் வேண்டாமா? நீங்கள் சொல்வது பெரும்பான்மைக்கு வசதியான பேச்சு" என்று கேட்கலாம். வேண்டும், கட்டாயம் வேண்டும். பிரதிநிதித்துவத்துக்காக இந்த ஊரிலேயே வரலாறு திரும்பியிருக்கிறது. 1925 நவம்பரில் இங்கே திரு.வி.க. தலைமையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் தராததால் பெரியார் வெளியேறினார். கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்து, ஈரோடு நகராட்சியின் தலைவராக இருந்தவர் அவர். அவர் கேட்டது ஒதுக்கப்பட்டவர்களுக்கு அதிகாரத்தில் பங்கு. தரகர் கேட்பது மக்களின் ஓட்டுக்குத் தன் வீட்டில் சாவி. முதலாவது கடைசியில் நிற்பவரை முன்னுக்குக் கொண்டுவருகிறது, இரண்டாவது ஏற்கெனவே முன்னால் நிற்பவரையே மறுபடி முன்னால் நிறுத்துகிறது. தாய்மொழியில் படிக்க வழியில்லை, அலுவலகத்தில் வயதான தாய்க்குத் தமிழ்ப் படிவம் புரியவில்லை என்பவை உண்மையான குறைகள். அவற்றைச் சொல்லி ஓட்டுக் கேளுங்கள். தெலுங்கு வீட்டில் தெலுங்கிலும், உருது வீட்டில் உருதுவிலும் பேசி ஓட்டுக் கேளுங்கள். வாக்காளரிடம் அவருக்குப் புரியும் மொழியில் பேசுவது மரியாதை. 'நானும் உன் மொழி, ஆகவே உன் ஓட்டு எனக்குக் கடன்' என்பது அவமரியாதை.

சட்டமும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு, சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் மதம், இனம், சாதி, சமூகம் ஆகியவற்றோடு மொழியின் பெயரால் ஓட்டுக் கேட்பதையும் முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மொழி மட்டுமா, வாக்காளரின் மொழியைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்குமா என்ற கேள்வி அபிராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் முன் வந்தது. 2017 ஜனவரி 2 அன்று நால்வர், அடங்கும் என்றார்கள். மாறுபட்ட மூவர், ஒடுக்கப்பட்ட பிரிவினர் தங்கள் குறைகளைத் தேர்தலில் பேசுவதற்குத் தடை வந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டார்கள். அந்த நால்வரின் கண்டிப்பும் இந்த மூவரின் கவலையும் நமக்குச் சேர்த்தே வேண்டும். குறையைப் பேசலாம், பேச வேண்டும். பிறப்பைக் காட்டி ஓட்டைக் கேட்கக் கூடாது.

உத்திரமேரூர் இதே மாவட்டத்தில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய, ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் அங்குள்ள கல்வெட்டைச் சொல்லிப் பெருமைப்படாத அரசியல்வாதி இல்லை. 30 குடும்புகள், குடவோலை என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். நிலம் உள்ள பிராமணருக்கு மட்டுமான சபை அது, திரும்பி வர வேண்டிய ஒன்றும் இல்லை. ஆனால் அதில் உள்ள ஒரு விதியை மட்டும் மேடையில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இன்றைக்கு நமக்கு வேண்டிய தகுதி விதி அது ஒன்றுதான்.

ஆகவே அடுத்த முறை கதவைத் தட்டுபவரிடம் காஞ்சிபுரத்து வாக்காளர் நான்கு கேள்வி கேட்கட்டும். சென்ற ஐந்தாண்டில் இந்த வார்டுக்கு வந்த பணம் எவ்வளவு, எந்த வேலைக்குப் போனது? ஐப்பசி பிறக்கும் முன் எங்கள் தெருக் கால்வாயைத் தூர்வாரி முடிப்பீர்களா? தறி வீட்டுச் சொத்து வரி மன்றத்துக்கு வந்தால் எந்தப் பக்கம் கை தூக்குவீர்கள்? பகுதி சபைக் கூட்டத்தை முன்கூட்டியே அறிவித்து, பெண்கள் வரக்கூடிய நேரத்தில் நடத்துவீர்களா? இந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்கலாம், தெலுங்கில் கேட்கலாம், கன்னடத்திலும் சௌராஷ்டிரத்திலும் உருதுவிலும் கேட்கலாம். பதில் சொல்லாமல் 'நான் நம்ம ஆளு' என்று தொடங்குபவரை, அவர் எந்த மொழியில் தொடங்கினாலும், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். தரகருக்கும் சொல்லிவிடுங்கள்: எங்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும், யாருக்கு ஓட்டுப் போடுவோம் என்பது தெரியாது. அந்த ஓட்டு எங்களுடையது. அதை விற்க உங்களுக்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை.